சோதனைக் கொட்டகை மாடில்டா

மாடில்டா இறந்தபோது ரவாங்கில் அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பெட்டிக்குள் இரண்டு கைகளையும் கோத்து, ஜெபமாலையைச் சுற்றி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "கை எவ்வளவு மெத்துன்னு இருக்கு பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கையை எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆறு வருஷம், ஞாயிறு தவிர ஒவ்வொரு நாள் விடியற்காலையிலும், என் கொண்டையில் தொடங்கிப் பாவாடை விளிம்பு வரை போய் வந்த கை அது.

என் பெயர் கலாவதி. பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு நாலு மைல் தள்ளி இருந்த ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டியவள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவள். தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையாது. மேட்டுத் தோட்டம் என்போம். அங்கிருந்த பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அந்தப் படிப்பை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். குறை இருந்தால் வாத்தியாரைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

மாடில்டா எங்கள் தோட்டத்திலேயே பிறந்தவள். புருஷன் பெயர் காப்ரியல். ஜப்பான்காரன் காலத்தில் அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். போனவன் போனவன்தான். அப்போது மகள் இசபெலுக்கு நாலு வயது. மாடில்டா மரம் வெட்டிப் பிழைத்தாள். பிறகு காலில் மண்வெட்டி விழுந்து நடை சாய்ந்துபோக, துரை அவளை ஆயாக்கொட்டகைக்கு மாற்றினார். அம்மாக்கள் மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. தோட்டத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் சோறு ஊட்டியது அவள்தான். எங்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. "மாடில்டாக்கா கிட்ட விட்டுட்டுப் போ, அழுவாது" என்பது தோட்டத்தில் தினமும் காதில் விழுகிற பேச்சு.

1948இல் அவசரக்காலம் வந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், வெளியே பட்டாளம், நடுவில் நாங்கள். சிதறிக் கிடந்த, லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்தார்கள். ஆளுக்கொரு அடையாளக் கார்டு. அரிசி அளந்துதான் கிடைக்கும். பத்தாங் பெர்ஜுந்தாயில் மதார் சாகிபு கடையில் பால் டின் வாங்கினால், அவர் முதலில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிட்டுத்தான் கையில் தருவார். ஓட்டை போட்ட டின் காட்டுக்குப் போகாது, அதற்குள் கெட்டுவிடும் என்பது கணக்கு. வேலியைத் தாண்டி ஒரு பருக்கை சோறு போகக்கூடாது. வேலைக்குப் போகிறவர்கள் சீனி போடாத வரக்காப்பி ஒரு போத்தல் கொண்டுபோகலாம், அவ்வளவுதான். பகல் ஒரு மணிக்கு வேலை முடிந்து வரும்வரை வயிறு கத்தினாலும் கேட்க ஆளில்லை.

ஆம்பிளைகளைக் கேட்டில் போலீஸ்காரர்கள் சோதித்தார்கள். பொம்பளைகளைச் சோதிக்க ஒரு பொம்பளை வேண்டும். 1951இல் துரை மாடில்டாவைக் கூப்பிட்டார். காரணம் என்ன தெரியுமா? அவளுக்குத் தோட்டத்தில் அண்ணன் தம்பி இல்லை, நாத்தனார் கொழுந்தியா இல்லை. யார் பக்கமும் சாய மாட்டாள். அநாதையாக இருப்பதும் சில வேலைகளுக்கு ஒரு தகுதி.

அவள் ஏன் சம்மதித்தாள் என்று ரொம்ப நாள் கழித்து நானே கேட்டேன். "நான் மாட்டேன்னா டவுன்லேருந்து எவளையாச்சும் கொண்டாருவாங்க. அவளுக்கு யாரு முழுகாம இருக்கா, யாருக்கு மாருல கட்டின்னு தெரியுமா? கண்ட எடத்துல அமுக்குவா" என்றாள். அன்று எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தாலும் காதில் ஏறியிருக்காது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று சும்மா சொல்லி வைக்கவில்லை. எய்தவன் பங்களாவில் இருந்தான், எட்டாது. அம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நொந்தோம், நன்றாக நொந்தோம்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் கோணிப்பைத் திரை, தரையிலும் தகரம். இரண்டு இரண்டு பேராக உள்ளே போகவேண்டும். ஒருத்தியைச் சோதிக்கும்போது அடுத்தவள் காத்திருப்பாள். திரைக்கு வெளியே போலீஸ் சார்ஜன் இட்ரிஸ் நிற்பார். கெட்டவர் இல்லை, ஆனால் சட்டத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறவர். மாடில்டா இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். முதலில் கொண்டை, பிறகு ரவிக்கை, இடுப்பு மடி, முந்தானை, பாவாடை விளிம்பு, கடைசியில் வாளி. இந்த வரிசை எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

தடவுக்காரி என்று பேர் வைத்தோம். வைத்தவளே நான்தான். ஒருநாள் தொட்டாற்சுருங்கி முள்ளைக் கொத்தாகப் பறித்து இடுப்பு மடிப்பில் செருகிக்கொண்டு போனேன். கை வைத்ததும் குத்தியது. கத்துவாள் என்று காத்திருந்தேன். விரலில் வந்த ரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, "எடுத்துப் போட்டுடு புள்ள, நடக்குறப்ப ஒனக்குத்தான் குத்தும்" என்று மட்டும் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கப்பட வேண்டிய இடத்தில் கோபப்படுகிற வயது.

இதுவரைகூட அது சாதாரண மனத்தாங்கல். வள்ளியம்மா சமாச்சாரத்துக்குப் பிறகுதான் எல்லாம் முறிந்தது.

ரப்பர் மரங்களை நம்பர் போட்ட காடுகளாகப் பிரித்திருந்தார்கள். மரம் வெட்ட வள்ளியம்மாவுக்கு ஒன்பதாம் நம்பர்க் காடு, எனக்குப் பத்தாம் நம்பர். பக்கத்துக் காடு என்பதால் வரிசையிலும் அவள் முன்னால், நான் பின்னால். 1954 மார்ச் மாதம் அவளுடைய ஆறு மாதக் குழந்தை கங்காவுக்குக் காய்ச்சல் வந்து கண் செருகிவிட்டது. ஒன்பதாம் நம்பர்க் காட்டில், டவுனுக்குப் போகிற செம்மண் சாலை ஓரமாக, ஒரு மரத்தடியில் எங்கள் முனியாண்டி கல் இருக்கிறது. "கொழந்த பொழைச்சா ஒரு பிடி பச்சரிசி போடறேன்" என்று வள்ளியம்மா வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் இறங்கியது. அரிசி போட்டாக வேண்டும். முனியாண்டி தவணை கேட்டுக் காத்திருக்கிற சாமி இல்லை.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தப்பு செய்தோம். சாமிக்கு வைக்கிற அரிசி சாப்பாட்டில் சேராது என்று நினைத்தோம். துரையிடம் கேட்டுவிட்டுப் போகலாம் என்றுகூடத் தோன்றவில்லை. "குருவியும் எறும்பும் திங்கிறது. அத யாருடி கேக்கப் போறா?" என்று நானே சொன்னேன். ஆனாலும் வள்ளியம்மா அதைத் துணியில் முடிந்து கொண்டைக்குள்தான் வைத்தாள். அவ்வளவு நியாயமாகத் தோன்றியிருந்தால் கையிலேயே கொண்டுபோயிருக்கலாமே.

மாடில்டாவின் விரல் கொண்டைக்குள் போனது, நின்றது. துணி முடிச்சு சரியாக இறுகவில்லை. அரிசி தகரத் தரையில் சரசரவென்று கொட்டியது.

திரைக்கு வெளியிலிருந்து சார்ஜன், ஏதாவது இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். மாடில்டா வள்ளியம்மாவைப் பார்த்தாள். வள்ளியம்மா அவளைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம்.

"பெராஸ், துவான்" என்றாள் மாடில்டா. அரிசி, ஐயா.

வள்ளியம்மாவைக் கோலசிலாங்கூருக்குக் கொண்டுபோனார்கள். கோர்ட்டில் சாமி அரிசி என்று சொன்னாள். முனியாண்டிக்கு வைத்ததைக் காட்டில் இருப்பவன் எடுத்துத் தின்னமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று மாஜிஸ்திரேட் கேட்டாராம். "சாமி அரிசிய எடுத்தா கை வெளங்காமப் போயிடும் தொரை" என்று இவள் சொன்னாளாம். மூன்று மாதம் ஜெயில். தாய்ப்பாலை விட்டு கங்கா ஓட்டை போட்ட டின் பாலில் வளர்ந்தாள். வள்ளியம்மாவின் புருஷன் செல்லன் மதியம் திறந்த டின்னைச் சாயங்காலத்துக்குள் எறும்பிடமிருந்து காப்பாற்றப் பட்ட பாடு சொல்லி முடியாது. வள்ளியம்மா திரும்பி வந்தபோது குழந்தைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகையை நான் கேட்டேன்.

சார்ஜன் அரிசி கொட்டிய சத்தத்தைக் கேட்டிருப்பார், மறைத்திருந்தாலும் பயனில்லை என்று சிலர் சொன்னார்கள். மழைச் சத்தம் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம் என்று சிலர். அன்று மழை பெய்யவில்லை. அது எனக்குத் தெரியும், ஆனால் நான் வாய் திறக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். "இது என்னோடது" என்று சொல்லியிருக்கலாம். மூன்று எண்ணுகிற நேரம் எனக்கும்தான் இருந்தது. மாடில்டாவை மற்றவர்களைவிட அதிகமாக நான் ஏசியதற்குக் காரணம் அதுதான் என்று இப்போது புரிகிறது.

அவளைத் தள்ளி வைத்தோம். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, தானாக நடந்தது. அவள் குழாயடிக்கு வந்தால் நாங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தோம். அக்கா என்ற வார்த்தை போயிற்று. கிறிஸ்துமஸ் தோறும் வீட்டுக்கு வீடு தட்டில் முறுக்கும் அதிரசமும் வைத்துவிட்டுப் போவாள். மறுநாள் தட்டு அப்படியே அவள் வாசலில் எறும்பு மொய்த்துக் கிடக்கும். அடுத்த வருஷமும் கொண்டுவந்து வைப்பாள். மானம் கெட்டவள் என்றோம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் ஒரு புதுப் பழக்கம் தொடங்கினாள். காலையில் பெயர் கூப்பிட்டு முடிந்து நாங்கள் கேட்டுக்கு வரிசையாக வரும்போது, வரிசையோரமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்துகொண்டே, "கொண்டை, ரவிக்கை, மடி, முந்தானை, விளிம்பு, வாளி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவாள். அதிகாரத்தைப் பாரு, ஏலம் போடறா என்று சிரித்தோம். சிரித்துக்கொண்டே, மடியில் வெல்லக் கட்டி வைத்திருந்தவர்கள் அதைக் கால்வாயில் போட்டார்கள். அந்தக் கால்வாய் ஓரத்துக் கோழிகள் கொழுத்துத் திரிந்தன. அதற்குப் பிறகு மூன்று வருஷம் எங்கள் கேட்டில் ஒரு பொம்பளையும் பிடிபடவில்லை. அவள் கூவியது எங்களை எச்சரிக்கத்தான் என்பது என் மரமண்டைக்கு அப்போது ஏறவில்லை.

1957 வந்தது. நாடு சுதந்திரம் அடையப் போகிறது, ஆகஸ்டு முப்பத்தொன்று என்று நாள் குறித்துவிட்டார்கள்.

எங்கள் ஆபீசுக்கு முன்னால் ஒரே கொடிக்கம்பம். கம்பம் மாறியதில்லை, கொடிதான் மாறும். ராஜா பிறந்தநாளென்று ஒரு கொடி ஏறும், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பன் கிடைக்கும். ஜப்பான்காரன் வந்து, அவனுடைய ராஜாவின் பிறந்தநாளுக்கு அவன் நாட்டுப் பக்கம் பார்த்துக் குனியச் சொன்னான். குனிந்தோம், பன்னும் கிடையாது. மறுபடி பழைய கொடி. ராணிக்கு முடிசூட்டியபோது மறுபடி பன், கூடவே ஒரு பலூன். நாங்கள் கைதட்டியதெல்லாம் பன்னுக்குத்தான். இந்தத் தடவை அப்படி இல்லை. பதினோரு சிவப்பு வெள்ளைக் கோடு, மூலையில் பிறையும் நட்சத்திரமும். வாத்தியார் புது நாட்டுப்பண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். லயத்துச் சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். இங்கேயே பிறந்தவர்களுக்கு இந்த நாடு இனி சொந்த நாடு என்றார்கள். நான் இங்கேயே பிறந்தவள். முதல் தடவையாக ஒரு கொடி என்னுடையது என்று தோன்றியது, பெருமையாக இருந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

காலையில் எல்லோரும் இரண்டு லோரியில் பத்தாங் பெர்ஜுந்தாய் திடலுக்குப் போய்க் கொடியேற்றம் பார்ப்பது, திரும்பி வந்து தோட்டத்தில் விருந்து என்று ஏற்பாடு. அப்போதுதான் எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சிவானந்தம் குழாயடிக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"அன்னைக்கும் கேட்டுல சோதனை உண்டாம் தங்கச்சிங்களா. சுத்துப்பட்டுல சில எடத்துல தளர்த்திட்டாங்களாம். நமக்கு இன்னும் உத்தரவு வரலையாம்" என்றார்.

"சுதந்திர நாளன்னைக்கும் அவ எங்களத் தடவுவாளா?" என்று நான் கேட்டேன்.

"சட்டம்லா. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப நாங்க வரல. கொடிக்கு நீங்களே கை தட்டிக்குங்க."

குழாயடியில் இருந்த எல்லோரும் அதையே சொன்னார்கள்.

மாடில்டாவுக்கு அந்த மாதம் வேறொரு கவலை. மகள் இசபெலுக்கு ரவாங்கில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தாள். பையன் பெயர் லியோனார்ட், ரயில்வேயில் வேலை. செப்டம்பர் மாதம் கல்யாணம். ஆகஸ்டு தொடக்கத்தில் வெற்றிலை பாக்குத் தட்டை ஏந்திக்கொண்டு லயம் லயமாக நடந்தாள். யாரும் தட்டைத் தொடவில்லை. வள்ளியம்மா அவள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டில் நான் வாசலுக்கு வந்து, "அம்மா தூங்குறாங்க" என்றேன். எனக்குப் பின்னால் அம்மா கரண்டியோடு நின்றுகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். "எந்திரிச்சதும் சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அவளுக்குச் சொந்தபந்தம் கிடையாது. பிறந்து வளர்ந்த தோட்டத்திலிருந்து ஒரு பொம்பளைகூட வராவிட்டால், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முன்னால் அந்தப் பெண் யாருமில்லாதவளாக நிற்பாள். அது எங்களுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தோம்.

ஆகஸ்டு முப்பத்தொன்று, சனிக்கிழமை. நல்ல புடவை கட்டி, பூ வைத்து, கையில் காகிதக் கொடியோடு கேட்டுக்கு முன்னால் வந்து நாற்பது பொம்பளைகளும் புல்லில் உட்கார்ந்தோம். ஆம்பிளைகளும் பிள்ளைகளும் சோதனை முடிந்து வெளியே முதல் லோரியில் ஏறியிருந்தார்கள். இரண்டாவது லோரி காலி. டிரைவர் ஹாரன் அடித்தார். சிவானந்தம் கெஞ்சினார். சார்ஜன் இட்ரிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். உத்தரவு இல்லாமல் விடமுடியாது என்றார். நாங்கள் அசையவில்லை.

கொட்டகையிலிருந்து மாடில்டா வந்தாள். நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை, மாதா கோயிலுக்குக் கட்டுவது. எங்கள் எதிரில் நின்றாள். அவள் கொண்டை, மடி என்று கூவாமல் எங்கள் எல்லோரையும் பார்த்துப் பேசி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"வேலியத் தாண்டுற பொம்பள எல்லாரையும் சோதிக்கணும்னு சட்டம். நானும் பொம்பளதான். ஆறு வருசமா நானும் கோயிலுக்கு, கடைக்குன்னு இந்தக் கேட்டத் தாண்டுறேன். என்னை யாரும் சோதிச்சதில்ல. இன்னைக்கு மொதல்ல என்னைச் சோதிங்க. அப்பறம் வர்றதும் வராததும் ஒங்க இஷ்டம்" என்றாள். பிறகு நேராக ஒருத்தியைப் பார்த்தாள். "வள்ளியம்மா, நீ வா."

சிவானந்தம் அதை மலாயில் எடுத்துச் சொல்ல, சார்ஜன் புருவத்தைச் சுருக்கினார். யோசித்துப் பார்த்தார். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை போலிருக்கிறது, தலையை ஆட்டினார்.

வள்ளியம்மா இடுப்பில் கங்காவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு வயசாகப் போகிற பிள்ளை, இறங்கவே மாட்டாள். மெல்ல எழுந்தாள், குழந்தையை என்னிடம் தந்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நான்தானே, நானும் கங்காவோடு கூடவே உள்ளே போனேன்.

வள்ளியம்மா கையைத் தேய்த்துச் சூடாக்கவில்லை. நேராகக் கொண்டையில் கையை விட்டாள். விட்ட கை நின்றது. வெளியே எடுத்தபோது கைக்குள் ஒரு வெள்ளைக் கைக்குட்டை முடிச்சு இருந்தது. முடிச்சு இறுக்கமாக இருந்தது, ஒரு மணிகூடச் சிந்தவில்லை. ஆனால் என்ன என்று பார்த்ததுமே எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

மாடில்டா குரலே எழாமல், "ஒரு பிடி. பச்சரிசி. சார்ஜன் வெளியதான் நிக்கிறாரு. சொல்லு" என்றாள்.

மூன்று மாதம் ஜெயில், வேலை போகும், மகள் கல்யாணம் நிற்கும். அத்தனையையும் முடிச்சுப் போட்டுக் கொண்டையில் செருகி, அதைப் பிடித்துக்கொடுக்க யாருக்கு உரிமை உண்டோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்.

வெளியிலிருந்து சார்ஜன் கேட்டார், ஏதாவது இருக்கிறதா என்று.

வள்ளியம்மா அவளைப் பார்த்தாள். அவள் வள்ளியம்மாவைப் பார்த்தாள். நான் எண்ணினேன். மூன்றைத் தாண்டி ஏழு வரை போனது.

"தாடா, துவான்" என்றாள் வள்ளியம்மா. இல்லை, ஐயா.

சொல்லிவிட்டு அந்த முடிச்சைத் தன் கொண்டைக்குள் செருகி, அதன்மேல் மல்லிகைச் சரத்தைச் சுற்றி மறைத்தாள். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். இப்போது மாடில்டாவின் முறை. அவள் வழக்கம்போலக் கைகளைத் தேய்த்துக்கொண்டாள். கொண்டையில் தொடங்கினாள். விரல் உள்ளே போனது, பட்டது, வெளியே வந்தது. ரவிக்கை, மடி, முந்தானை, விளிம்பு. ஒன்றையும் விடவில்லை.

"தாடா, துவான்" என்றாள்.

அடுத்து என்னைத் தடவினாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் நான் "அக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. வெளியே வந்து மற்றவர்களிடம், "போங்கடி, ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்டீங்க" என்றேன். அவர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். வள்ளியம்மாவே சோதனை முடிந்து போய் லோரியில் ஏறி நின்றதைப் பார்த்தபின் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள்.

எல்லோரும் ஏறிய பிறகு மாடில்டா சாய்ந்து நடந்து வந்து, பின்பக்கத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஏறினாள். அவளைச் சுற்றிக் கொஞ்சம் இடம் காலியாகவே இருந்தது. சார்ஜன் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். லோரி செம்மண் சாலையில் கிளம்பியது. இரண்டு பக்கமும் எங்கள் காடு, தினமும் நடந்துபோகிற காடு, அன்று வண்டியில் போகிறோம். சிவானந்தம் உற்சாகம் தாங்காமல் லோரிக் கூரையைத் தட்டி, "மெர்டேக்கா!" என்று கத்தினார். சுதந்திரம் என்பதற்கு மலாய்ச் சொல் அது. நாங்களும் கத்தினோம்.

ஒன்பதாம் நம்பர் வந்துகொண்டிருந்தது. வள்ளியம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள், இன்னொரு கையில் குழந்தை. கொண்டையை அவிழ்க்கக் கையில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பினாள்.

"மாடில்டாக்கா, கங்காவக் கொஞ்சம் பிடி" என்றாள்.

மாடில்டா பலகையை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டிக் குழந்தையை வாங்கினாள். ஆயாக்கொட்டகையில் நூறு பிள்ளைகளை வாங்கிய கை. எப்படிப் பிடிப்பது என்று யோசிக்கவே இல்லை. வள்ளியம்மா கொண்டையிலிருந்து முடிச்சை எடுத்தாள். முனியாண்டி கல் கண்ணில் பட்டதும், "மெர்டேக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் சிவானந்தமே திடுக்கிட்டுத் திரும்பினார். கை மேலே போனது. ஒரு பிடி பச்சரிசி காற்றில் பறந்து சாலையோரத்தில் கல்லைச் சுற்றி விழுந்தது. நாற்பது பொம்பளைகளும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு எல்லோரும் சேர்ந்து கத்தினோம். அந்தச் சத்தத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சார்ஜன் சந்தோஷமாகக் கையை வெளியே நீட்டி ஆட்டினார்.

வள்ளியம்மா வெறும் கைக்குட்டையை மடித்து மாடில்டாவின் தோளில் போட்டாள். "நாளைக்குச் சாயங்காலம் வெத்தலத் தட்ட எடுத்துட்டு வாக்கா. எங்க வீட்டுலேருந்து ஆரம்பி" என்றாள். மாடில்டா தலையை மட்டும் அசைத்தாள். கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை.

கங்கா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு காகிதக் கொடியை ஆட்டினாள். அங்கிருந்து டவுனுக்கு இரண்டு மைல் இருந்தது. போய்ச் சேரும்வரை வள்ளியம்மா குழந்தையைத் திருப்பிக் கேட்கவில்லை.